71 சி10, 350 வி8: 3000 ஆர்பிஎம் தாண்டினால் மிஸ் அடிக்கிறது, சூடும் ஏறுகிறது

#1 | கேட்டி_சி10 | ஹூஸ்டன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வாசிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1971 செவ்ரலே சி10, ஷார்ட் பெட், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சிலில் 3.73 கியர் விகிதம். என்ஜின் 350 ஸ்மால் பிளாக். பிளாக்கின் பின்புறத்தில் 3970010 என்று வார்த்திருக்கிறது. எழுபதுகள் முழுக்க வார்த்த பிளாக் அது என்பதால், வண்டியோடு பிறந்ததா, நடுவில் குடிவந்ததா என்று சொல்ல முடியவில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் கைமாறிய வண்டி.

முந்தைய சொந்தக்காரர் பாயிண்ட் (ஸ்பார்க்கை ஏவும் இயந்திர சுவிட்ச்) டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு எச்இஐ, அதாவது எலக்ட்ரானிக் இக்னிஷன், மாட்டியிருந்தார். போன குளிர்காலத்தில் என் பங்குக்கு நான் செய்தவை: ஹைட்ராலிக் ஃப்ளாட் டாப்பெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; 0.050 அங்குலத்தில் 218/224 டிகிரி), அலுமினிய டூயல் பிளேன் மேனிஃபோல்ட், ஹோலி 600 சிஎஃப்எம் வேக்யூம் செகண்டரி கார்புரேட்டர், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்கள்). சிலிண்டர் ஹெட்டைத் தொடவில்லை.

பிரச்சினை இரண்டு. ஒன்று, 65 மைல் வேகத்தில் போகும்போது 3000 ஆர்பிஎம் பக்கம் இருக்கும். மேம்பாலம் ஏற மிதித்தால் மிஸ் அடிக்கிறது (சிலிண்டர் நடுநடுவே பற்றாமல் விடுகிறது). இன்னும் மிதித்தால் கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என்று வெடிக்கிறது. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, சூடு. சாலையில் 225 ஃபாரன்ஹீட், சிக்னலில் 230. போன மாதம் பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய் வண்டியை நிறுத்தியதும், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் நிறுத்த வந்த ஒரு மாமி, "அபிஷேகம் உள்ளேதானே நடக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதுவரை மாற்றியவை: பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும், காயில், பெட்ரோல் பம்ப், தெர்மோஸ்டாட். கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துச் சேர்த்தாயிற்று. இங்கே உள்ள ஒரு கடையில் காட்டினேன். கார்புரேட்டரை மாற்றச் சொன்னார்கள். அடுத்து என்ன மாற்றலாம்?

#2 | எல்எஸ்_மட்டும் | ஆஸ்டின்

என்ஜினை மாற்றுங்கள். 😀 உடைப்புக் கடையில் 5.3 லிட்டர் எல்எஸ் என்ஜின் எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். 1999க்குப் பிறகு வந்த நிறைய சில்வராடோக்களில் கிடைக்கும்.

#3 | பழைய_பிஸ்டன் | ஃபோர்ட் வொர்த்

எல்எஸ் தம்பி, வந்தாயா? உன்னைக் காணோமே என்று பார்த்தேன். 58 பிஎஸ்ஐ கொடுக்கும் பெட்ரோல் பம்ப், தனி ஹார்னஸ், கம்ப்யூட்டர், கிராஸ்மெம்பரில் இடிக்காத ஆயில் பான், என்ஜின் மவுன்ட் அடாப்டர், இதெல்லாம் அந்த 'நிம்மதி'க்குள் அடக்கமா?

கேட்டி தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியே தப்பு. "அடுத்து என்ன மாற்றலாம்" என்கிறீர்கள். ஏழெட்டு பாகம் மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் பதிவில் டெம்பரேச்சரைத் தவிர ஒரு எண்கூட இல்லை. கடைக்குப் போவதை நிறுத்துங்கள். எனக்கு ஐந்து அளவு வேண்டும்.

ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் வேக்யூம் எத்தனை அங்குலம், ஊசி நடுங்குகிறதா நிற்கிறதா. வேக்யூம் அட்வான்ஸ் (வேக்யூமால் ஸ்பார்க்கை முன்கூட்டித் தள்ளும் அமைப்பு) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐட்லிங்கில் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் வருகிறது என்பது) எத்தனை, 3000ல் எத்தனை. எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன். கார்புரேட்டர் வாசலில் பெட்ரோல் அழுத்தம். எச்இஐயின் பேட்டரி முனையில் எத்தனை வோல்ட்.

அப்புறம் ஒன்று. புது ஃப்ளாட் டாப்பெட் கேமை முதலில் எப்படி ஓட்டினீர்கள்? என்ன ஆயில்? முதல் இருபது, முப்பது நிமிடம் 2000க்கு மேலேயே வைக்காமல் ஐட்லிங்கில் விட்டு ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், கேமின் லோப் (மேடு) தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

#4 | ஜெட்_66 | ஃபீனிக்ஸ்

பிஸ்டன் அண்ணன் கேட்டதெல்லாம் சரி. நான் கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வருகிறேன்.

மிதித்த அந்த நொடியில் மட்டும் வெடித்தால் ஆக்சிலரேட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்வது, பாரம் இருக்கும் வரைக்கும் தொடர்கிறது. அப்படியானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது பற்றவைப்பு போதவில்லை. நின்ற இடத்தில் 3000 கொடுத்தால் ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. பாரம் இல்லாதபோது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, பலவீனமான ஸ்பார்க்கும் தாவிவிடும். பாரம் ஏறும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

பெட்ரோல் பக்கம் ஒரு சின்னச் சோதனை. உங்கள் வண்டியில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால்தானே? (73ல்தான் அதை வெளியே கொண்டுபோனார்கள். இருபது காலன் பெட்ரோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படித்தான் ஓட்டினார்களோ.) மிஸ் அடிக்கும்போது ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் வென்ட் அடைத்திருக்கிறது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க்குக்குள் வெற்றிடம் சேர்ந்து பெட்ரோல் வரத்து நின்றுவிடும்.

கார்புரேட்டரில் பவர் வால்வு (பாரம் ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) 6.5தானே இருக்கிறது? உங்கள் கேமுக்கு அது போதும். அதைத் தொட வேண்டாம்.

#5 | ஸ்காபரோ_ஆறு | டொராண்டோ

வணக்கம். நான் ஃபோர்டுக்காரன், 79 எஃப்100, 300 இன்லைன் சிக்ஸ். எனக்கு வி8 கனக்கத் தெரியாது. ஆனால் என்ரை மச்சானின் செவ்ரலேயில் இதே மாதிரி பாரத்தில் மிஸ் அடிச்சது. பிளக் வயர் புதுசு எண்டாலும் போட்ட ஒழுங்கை ஒருக்கா பாருங்கோ. உங்கட ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், அடுத்தடுத்து வெடிக்கிறதும் அதுகள்தான். அந்த ரெண்டு வயரும் ஒட்டிக்கொண்டு போனால் ஐந்தின் கரண்ட் ஏழுக்குத் தாவும். ரெண்டையும் பிரிச்சுக் கொண்டுபோங்கோ.

பாகம் குறைந்த என்ஜினுக்குப் பிரச்சினையும் குறைவு எண்டதைச் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது. என்ரையில் டைமிங் செயினே இல்லை, கியர்.

#6 | கேட்டி_சி10

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதே வேலை. முழங்கை இரண்டிலும் ஹெடர் சூடு.

வேக்யூம்: பார்க்கில் 750 ஆர்பிஎம், 11 அங்குலம். ஊசி ஆடாமல் நிற்கிறது.
டைமிங்: ஐட்லிங்கில் 12 டிகிரி, 3000ல் 34 டிகிரி.
கம்ப்ரெஷன்: குறைந்தது 148 பிஎஸ்ஐ, அதிகம் 156.
பெட்ரோல் அழுத்தம்: 5.5 பிஎஸ்ஐ.
வோல்ட்: 12.4.

ஜெட் அக்கா, மூடியைத் திறந்து பார்த்தேன். சத்தமே இல்லை. திறந்தபடி ஓட்டினாலும் மிஸ் அப்படியே. ஸ்காபரோ அண்ணா, 5, 7 வயர்களைப் பிரித்துவிட்டேன், மாற்றமில்லை. கேமை ஜிங்க் உள்ள பிரேக்-இன் ஆயிலில், 2000க்கும் 2500க்கும் நடுவே அரை மணி நேரம் ஓட்டினேன். ராக்கர்களின் ஏற்றத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று, எட்டு ஜோடியும் சமம்.

டைமிங் புத்தகத்தில் போட்ட மாதிரி இருக்கிறது, கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, வோல்ட்டும் இருக்கிறது. அப்போ கடையில் சொன்ன மாதிரி கார்புரேட்டர்தானா?

#7 | பழைய_பிஸ்டன்

இப்போதுதான் பேச முடிகிறது. இதில் இரண்டு எண்களை நான் நம்பவில்லை.

முதலில் 12.4. அதை எப்படி அளந்தீர்கள்? என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 பக்கம் கொடுக்கும். 12.4 என்றால் என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு அளந்திருக்கிறீர்கள். கனெக்டரைக் கழற்றி, வயர் முனையில் மீட்டரை வைத்தீர்களா?

#8 | கேட்டி_சி10

ஆமாம் அண்ணா, கனெக்டரைக் கழற்றித்தான் வைத்தேன். அது தப்பா?

#9 | பழைய_பிஸ்டன்

தப்பு இல்லை, ஆனால் பயனும் இல்லை. தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் மூடிக்கொண்டு "பிரஷர் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது. நடுவில் குழாய் நசுங்கியிருப்பது தண்ணீர் ஓடும்போதுதான் தெரியும். கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் இறங்காது.

உங்கள் வண்டி பாயிண்ட் காலத்து வண்டி. பாயிண்டுக்கு முழு 12 வோல்ட் தொடர்ந்து கொடுத்தால் அது சீக்கிரம் கருகிவிடும். அதனால் செவ்ரலே, ஃபயர்வால் கனெக்டரிலிருந்து காயிலுக்கு வரும் வயரையே ரெசிஸ்டன்ஸ் வயராகப் போட்டது. துணி சுற்றியிருக்கும், பார்க்கச் சாதாரண வயர்தான். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் ஆர் முனையிலிருந்து ஒரு மஞ்சள் வயர் முழு வோல்ட்டையும் காயிலுக்கு அனுப்பும். சாவியை விட்டதும் மறுபடி ரெசிஸ்டன்ஸ் வழிதான்.

எச்இஐ 74, 75ல் வந்தது. அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். நிறைய பேர் பழைய வயரின் நுனியை வெட்டி, எச்இஐ கனெக்டரை அமுக்கிவிட்டு, "ஸ்டார்ட் ஆகிவிட்டது, வேலை முடிந்தது" என்று போய்விடுவார்கள். ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும், அந்த நேரத்தில் மஞ்சள் வயர் காப்பாற்றுகிறதே.

கனெக்டரை மாட்டிவிட்டு, பின்பக்கமாக ஊசியைச் செருகி, என்ஜின் ஓடும்போது அளந்து சொல்லுங்கள்.

#10 | கேட்டி_சி10

9.1.

பேட்டரியில் 14.2, டிஸ்ட்ரிபியூட்டரில் 9.1. வயர்க் கட்டைப் பின்தொடர்ந்து போனேன், டேப்புக்கு உள்ளே துணி வயர் அப்படியே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் காயில் மாற்றியிருக்கிறேன்.

#11 | எல்எஸ்_மட்டும்

சரி, இது நல்ல கண்டுபிடிப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

#12 | ஜெட்_66

ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடுங்கள் தம்பி, டாஷ்போர்டுக்குள் தலையை நுழைக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 12 கேஜ் வயர் ரிலேயின் 30க்கு. 87லிருந்து எச்இஐயின் பேட்டரி முனைக்கு. 85 எர்த். பழைய துணி வயரை 86ல் கொடுத்துவிடுங்கள். ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் சொச்சம்தான், அவ்வளவு சின்ன கரண்டுக்கு அந்த வயரில் கால் வோல்ட் இறங்கினாலே அதிகம். இத்தனை நாள் தொல்லை கொடுத்த வயருக்கு இனி சாவி வேலை மட்டும்.

அணைத்ததும் என்ஜின் நிற்கிறதா என்று முதல் தடவையே பார்த்துவிடுங்கள்.

#13 | கேட்டி_சி10

ரிலே போட்டாயிற்று. ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டரில் 13.9. மேம்பாலத்தில் 4500 வரை இழுத்தேன். மிஸ் இல்லை, வெடிச் சத்தம் இல்லை. ஆறு மாதப் பிரச்சினை, ஒரு ரிலே.

ஆனால் சூடு அப்படியே இருக்கிறது. சாலையில் 225. இழுவையும் நான் நினைத்த அளவுக்கு இல்லை. கேமும் ஹெடரும் போட்ட 350 இதைவிட நன்றாக இழுக்க வேண்டாமா?

#14 | ஃப்ரீமான்ட்77 | கலிஃபோர்னியா

வயிற்றெரிச்சலோடு வாசிக்கிறேன். என்னுடையதும் சி10தான், 77. இங்கே பெட்ரோல் வண்டியில் 75 மாடல் வரைக்கும் ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) கிடையாது. இரண்டு வருடம் முன்னால் பிறந்திருந்தால் தப்பித்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பார்க்கிறார்கள், மாற்றிய பாகத்துக்கு மாநில அனுமதி எண் கேட்கிறார்கள். நீங்கள் கேம் என்று சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சூட்டுக்கு: தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்களேன்?

#15 | ஸ்காபரோ_ஆறு

தெர்மோஸ்டாட்டை எடுக்காதேங்கோ. சூடு ஏன் வருது எண்டு தெரியாமல் அதை எடுத்தால், நோய் இருக்கும், காய்ச்சல் மானியைத்தான் எறிஞ்சிருப்பீங்கள். இங்கை மாசி மாதத்தில் அது இல்லாமல் ஓடின ஒருத்தரின் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளுக்குள் பால்கோவா.

ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியிருக்கிற கூடு) இருக்கோ? அது இல்லாமல் ஹூஸ்டன் சிக்னலில் நிற்க ஏலாது.

#16 | கேட்டி_சி10

ஷ்ரவுட் இருக்கிறது, கிளட்ச் ஃபேன் புதுசு, ரேடியேட்டர் மூன்று வரிசை, உள்ளே சுத்தம். மூடி 15 பிஎஸ்ஐ.

#17 | ஜெட்_66

சிக்னலில் மட்டும் சூடு என்றால் ஃபேனைச் சொல்லலாம். 65 மைல் வேகத்தில் காற்று தானாக அடிக்கிறது, அப்போதும் 225 என்றால் ஃபேன் பக்கம் குற்றமில்லை; ரேடியேட்டரும் உள்ளே சுத்தம் என்கிறீர்கள். என்ஜின்தான் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்குகிறது.

வேக்யூம் அட்வான்ஸ் குழாயை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? த்ராட்டில் தட்டுக்கு மேலே உள்ள துளையிலா (போர்ட்டட்), மேனிஃபோல்டிலா? மேனிஃபோல்டுக்கு மாற்றுங்கள். ஐட்லிங்கில் கலவை மெதுவாக எரியும், அதற்கு அட்வான்ஸ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எரிவது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் தொடரும், சூடு முழுக்க ஹெட்டுக்கும் ஹெடருக்கும் போகும். அறுபதுகளில் புகை விதிகள் வந்தபோது, எக்ஸாஸ்டிலேயே மிச்சம் எரிந்து போகட்டும் என்றுதான் கம்பெனிகள் ஐட்லிங் அட்வான்ஸைப் பரவலாக வெட்டின.

#18 | எல்எஸ்_மட்டும்

ஆரம்பித்துவிட்டீர்களா, போர்ட்டடா மேனிஃபோல்டா! பாப்கார்ன் எடுத்துவருகிறேன்.

#19 | பழைய_பிஸ்டன்

ஜெட் அம்மா சொல்வது ஐட்லிங்குக்குப் பொருந்தும். ஆனால் மேனிஃபோல்ட் எல்லா வண்டிக்கும் மருந்தல்ல. இவர் வண்டி ஆட்டோமேட்டிக். டிரைவில் போட்டதும் வேக்யூம் இறங்கும், அத்தோடு அட்வான்ஸும் இறங்கும், ஆர்பிஎம் விழும், அதனால் வேக்யூம் இன்னும் இறங்கும். கேம் பெரியதாக இருந்தால் சிக்னலில் என்ஜின் தள்ளாடும். எந்தத் துளை என்பதைவிட, வேக்யூம் அட்வான்ஸின் கேனிஸ்டர் எத்தனை அங்குலத்தில் முழுசாக இழுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், இவர் 65 மைலில் போகும்போது எந்தத் துளையாக இருந்தாலும் அட்வான்ஸ் ஒன்றுதான். த்ராட்டில் திறந்த பிறகு இரண்டு துளையிலும் ஒரே வேக்யூம். அப்போதும் 225. எனவே இந்தச் சண்டை இங்கே தேவையில்லை.

நான் நம்பாத இரண்டாவது எண் இன்னும் பாக்கி இருக்கிறது: 12 டிகிரி. 218 டிகிரி கேம், கம்ப்ரெஷன் ஒழுங்கு, ஐட்லிங்கில் உண்மையாகவே 12 டிகிரி என்றால் வேக்யூம் 15க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 11. ஊசி ஆடியிருந்தால் வால்வு என்பேன். ஆடாமல் தாழ்வாக நிற்கிறது. ஒன்று, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்றுக் கசிவு. இல்லையென்றால் டைமிங் தாமதம்.

#20 | ஸ்காபரோ_ஆறு

அல்லது செயினை ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கலாம். கேம் மாத்தினவர் அவர்தானே.

#21 | கேட்டி_சி10

செயின் போடும்போது இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் வந்ததை மூன்று முறை பார்த்தேன், படமும் எடுத்து வைத்திருக்கிறேன். புரொபேன் குழாயை மேனிஃபோல்ட் ஓரம் முழுக்கக் காட்டினேன், ஆர்பிஎம் ஏறவில்லை. பிசிவியையும் (என்ஜின் அடிப்பகுதிப் புகையை உறிஞ்சும் வால்வு) பிரீதரையும் அடைத்து, ஆயில் டிப்ஸ்டிக் குழாய் வாயில் விரலை வைத்தும் பார்த்தேன், உறிஞ்சவில்லை. அப்படியென்றால் அடிப்பக்கமும் கசிவு இல்லை.

ஆனால் டைமிங்கை லைட் வைத்து என் கண்ணால் பார்த்தேனே அண்ணா. 12லும் 34லும் கோடு சரியாக நின்றது.

#22 | பழைய_பிஸ்டன்

கோடு நின்றது. கோடு எதில் இருக்கிறது?

கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்தான் ஹார்மோனிக் பேலன்சர். அது ஒரே இரும்பு அல்ல. நடுவில் ஹப், அது கிராங்கில் நழுவாமல் பூட்டியிருக்கும். வெளியே கனமான வளையம். இரண்டுக்கும் நடுவே ரப்பர். டைமிங் கோடு இருப்பது வெளி வளையத்தில். ரப்பர் ஐம்பது வருடம் வெந்தால் பிடியை விட்டு வளையம் மெல்ல நகரும். கோடும் அதோடு போகும். உங்கள் டைமிங் லைட் பொய் சொல்லாது, பேலன்சர் சொல்லும்.

இதில் நான் பட்ட அடி இருக்கிறது. 88ல், வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு 454. சூடு, இழுவை இல்லை. நான் ஹெட்டைக் கழற்றி, வால்வு உட்கார வைத்து, திரும்பப் பூட்டினேன். அதே சூடு. முதலாளி வந்து பேலன்சரைப் பார்த்தார். ரப்பர் நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே நின்றது. ஒன்றும் பேசாமல் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றாவது சிலிண்டர், ஓட்டுநர் பக்கம் முன்னால் இருப்பது, அதன் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் திருகுங்கள். கிராங்கைக் கையால், ராட்செட் வைத்து மட்டும், பிஸ்டன் தட்டும் வரை ஒரு பக்கம் திருப்புங்கள். டைமிங் டேபில் (டிகிரி எண்கள் உள்ள தகடு) பூஜ்யத்துக்கு நேராக பேலன்சரில் ஒரு கோடு. மறு பக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுதான் உண்மையான உச்சப் புள்ளி. ஸ்டார்ட்டரைத் தொட்டீர்களோ, பிஸ்டனில் ஓட்டை.

#23 | கேட்டி_சி10

மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஒரே இடம். பேலன்சரின் பழைய கோடு உண்மையான உச்சப் புள்ளியிலிருந்து 18 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது.

பேலன்சர் விட்டம் ஆறே முக்கால் அங்குலம். சுற்றளவு 538 மில்லிமீட்டர் வருகிறது, 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஒன்றரை மில்லிமீட்டர். 18 என்றால் 12 டிகிரி. நகர்ந்த திசை தாமதம் பக்கம்.

அதாவது நான் 12 என்று நினைத்தது பூஜ்யம். 34 என்று நினைத்தது 22. கோடை முழுக்க பூஜ்யம் டிகிரியில் ஹூஸ்டன் டிராஃபிக்கில் நின்றிருக்கிறேன்.

ரப்பர் வெளியே வரவெல்லாம் இல்லை. பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. டார்ச் அடித்த பிறகுதான் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன.

#24 | ஜெட்_66

பூஜ்யம் டிகிரியா! அந்த என்ஜின் ஓடியதே பெரிய விஷயம். பிஸ்டன் அண்ணனுக்கு ஒரு காபி.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை மட்டும் சரிசெய்துகொண்டு அதே பேலன்சரில் ஓட்டிவிடாதீர்கள். நகர்ந்த வளையம் இன்னும் நகரும், கழன்றும் வரும்.

#25 | பழைய_பிஸ்டன்

புது பேலன்சரைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அடி முழுக்க கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும். இன்ஸ்டாலர் டூலைப் பாகக் கடைகளில் இரவலாகக் கொடுப்பார்கள். புதியதை மாட்டிய பிறகும் பிஸ்டன் ஸ்டாப்பை இன்னொரு முறை வையுங்கள். இந்த என்ஜினுக்குப் பல வருடங்களில் பலவிதமான டைமிங் டேப் வந்திருக்கிறது. உங்கள் டேபுக்கும் புது பேலன்சர் கோட்டுக்கும் ஒத்துப்போகாமல் இருந்தால் பழைய கதைதான்.

#26 | கேட்டி_சி10

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். புது பேலன்சர், பிஸ்டன் ஸ்டாப்பில் சரிபார்த்தாயிற்று, கோடும் பூஜ்யமும் ஒரே இடம்.

ஐட்லிங்கில் 12, மொத்தம் 34, இந்த முறை நிஜமாகவே. வேக்யூம் 15.5. வெளியே 97 டிகிரி வெயிலில் சாலையில் 190, சிக்னலில் 200. ஐட்லிங் ஆர்பிஎம் தானாக ஏறிவிட்டது, ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டி வந்தது. இழுவையைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் முறை மிதித்தபோது பின் டயர் கத்தியதில் நானே பயந்துவிட்டேன்.

ஆனால் (ஆமாம், இன்னும் ஒரு ஆனால்) 50 மைலில் லேசாக மிதித்தால், உள்ளே கோலிக்குண்டு உருட்டுவது போல் ஒரு சத்தம். முழுசாக மிதித்தால் இல்லை. 87 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன்.

#27 | ஜெட்_66

லேசான மிதியில் நாக்கிங், முழு மிதியில் இல்லை என்றால் வேக்யூம் அட்வான்ஸ் அதிகம். முழுசாக மிதிக்கும்போது வேக்யூம் போய்விடும், கேனிஸ்டர் விலகிக்கொள்ளும், அதனால் சத்தமும் நிற்கும். கேனிஸ்டர் எத்தனை டிகிரி சேர்க்கிறது என்று அளந்தீர்களா?

#28 | கேட்டி_சி10

(இப்போது அளந்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன்.) 22 டிகிரி. மொத்தம் 56 ஆகிறது.

#29 | ஜெட்_66

அதிகம். இத்தனை நாள் பேலன்சர் 12ஐத் திருடிக்கொண்டதால் அது வெளியே தெரியவில்லை. கேனிஸ்டரின் அசைவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் தகடு கிடைக்கும், 10லிருந்து 12க்குள் நிறுத்துங்கள். பிறகும் சத்தம் வந்தால் இரண்டு டிகிரி குறைத்துப் பாருங்கள். அதன் பிறகுதான் 93 பெட்ரோல்.

#30 | கேட்டி_சி10

12ல் நிறுத்தினேன். மொத்தம் 46. கோலிக்குண்டு போய்விட்டது. 87லேயே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேர்லாண்ட் போனேன். தரை காய்ந்தே இருந்தது. அந்த மாமியைத்தான் காணவில்லை.

#31 | ஃப்ரீமான்ட்77

என் 77ல் போய் பேலன்சரைப் பார்த்தேன். ஹப்பிலிருந்து வளையம் வரை வெள்ளை பெயின்டில் ஒரே கோடு இழுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பார்ப்பேன், கோடு உடைந்தால் வளையம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெயின்டுக்கு அனுமதி எண் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

#32 | மணல்_எஃப்100 | எல் பாசோ

இந்த இழையை முழுக்க வாசித்தேன். எனக்கும் இதே பிரச்சினைதான், 72 ஃபோர்டு எஃப்100, 390. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு மிஸ் அடித்து இழுவை போய்விடுகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடும். ரிலே, காயில், பேலன்சர் மூன்றையும் நேற்று ஆர்டர் போட்டுவிட்டேன். வேறு ஏதாவது சேர்த்து வாங்க வேண்டுமா?

#33 | பழைய_பிஸ்டன்

ஐயோ.

#34 | ஜெட்_66

அண்ணா, நீங்கள் இருங்கள், நான் பேசுகிறேன். மணல் தம்பி, இருபது நிமிடம் கழித்து மிஸ் வந்ததும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

#35 | மணல்_எஃப்100

இன்று மாலை ஓட்டிப் பார்த்தேன். மிஸ் வந்தது, ஓரங்கட்டி மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று அரை நிமிடம் இழுத்தது. மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டே வீடு வரை வந்தேன், மிஸ் இல்லை. முந்தைய சொந்தக்காரர் வென்ட் இல்லாத மூடியைப் போட்டிருக்கிறார்.

பேலன்சரைத் திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா?